ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சுவரில் 'தோற்றம்: 1961' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தொண்ணூறு வயதுக்காரரோ, "நானும் இங்கதான் படிச்சேன், எங்கப்பாவும் இங்கதான்" என்பார். இரண்டுமே பொய்யில்லை. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, 1960-61 வாக்கில்தான் இங்கே ஊராட்சி ஒன்றியங்களே வந்தன. அதற்கு முன்னால் அதே பள்ளி ஜில்லா போர்டின், அதாவது மாவட்ட அளவிலான உள்ளாட்சி வாரியத்தின் கையில் இருந்திருக்கும். அதற்கும் முன்னால் தாலுகா போர்டு, ஒரு மிஷன், அல்லது ஒரு தனி வாத்தியார். சுவரில் இருப்பது பெரும்பாலும் பள்ளி கடைசியாகக் கை மாறிய ஆண்டு, அவ்வளவுதான்.

நூற்றாண்டு விழா வருகிறது, மலர் போட வேண்டும் என்று ஊரில் நாலு பேர் கூடும்போது இந்தச் சிக்கல்தான் முதலில் தலைகாட்டும். அப்போது யாராவது ஒரு ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்ல, அதையே கல்லில் வெட்டிவிடுவார்கள். அப்புறம் மலரில் பாதி வாழ்த்துச் செய்தி, கால்வாசி விளம்பரம், மிச்சத்தில் தலைமையாசிரியர்களின் பட்டியல். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. முழுக்கத் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது.

படி 1: பள்ளி எந்தெந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது?

பதிவேட்டைத் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகம் மாறும்போதெல்லாம் காகிதமும் இடம் மாறியிருக்கும். யாரிடம் பள்ளி இருந்தது என்று தெரியாமல் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது?

மிகப் பழைய அடுக்கு திண்ணைப் பள்ளிக்கூடம். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்துச் சொன்ன கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அது மாவட்டக் கணக்கு என்பதால் உங்கள் ஊர்ப் பெயரை அதில் தேட வேண்டாம். ஆனால் உங்கள் ஊரில் இன்ன வீட்டுத் திண்ணையில் பாடம் நடந்தது என்று பேச்சு இருந்தால், அந்தப் பேச்சு நம்பத் தகாதது இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

இந்தியக் கல்வி பற்றிய 1854-ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் வந்தது. தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாத்தியாருக்குப் பணம் கொடுக்கும் முறையும் கொஞ்ச காலம் இருந்தது. திண்ணை வாத்தியார்கள் பலர் இந்த வழியாகத்தான் 'அங்கீகாரம் பெற்ற பள்ளி'யின் நிர்வாகிகள் ஆனார்கள். 1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-ல் உள்ளாட்சி வாரியச் சட்டம். இவற்றால் தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் பள்ளி நடத்த ஆரம்பித்தன. பெரியவர்கள் வாயில் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்ற பேச்சு வருவது இதனால்தான். 1920-ல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1934-ல் தாலுகா போர்டுகளைக் கலைத்தார்கள். அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுக்குப் போயின.

இந்தச் சங்கிலி எல்லா ஊருக்கும் பொருந்தாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் 'டி.டி.டி.ஏ.' என்று பலகை இருந்தால் அது சர்ச் மிஷன், எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன்களின் வழியில் வந்த பள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். மதுரை வட்டாரத்தில் அமெரிக்கன் மிஷன், கன்னியாகுமரியில் லண்டன் மிஷன். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனி நிர்வாகம். குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தின் கொடுமையோடு பிறந்தவை அவை, அதைச் சொல்லாமல் அந்தப் பள்ளிகளின் கதையை எழுத முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். இந்த இரண்டு பகுதிக்காரர்களும் அந்தக் காலத்துக்கு ஜில்லா போர்டைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு வகையைப் பல மலர்கள் அப்படியே விட்டுவிடுகின்றன. ஊர்ப் பள்ளியில் சேரிப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த ஊர்கள் ஏராளம். அதனால் 1920-களிலிருந்து லேபர் கமிஷனரின் துறை சேரிகளில் தனிப் பள்ளிகள் திறந்தது. அவை பின்னால் அரிஜன நலத்துறைக்குப் போய், இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன. ஒரே கிராமத்தில் அரை மைல் இடைவெளியில் இரண்டு தொடக்கப் பள்ளிகள் இருந்தால், ஏன் இரண்டு என்ற கேள்வியிலிருந்தே உங்கள் வரலாறு தொடங்கலாம். ஒன்றை மட்டும் 'ஊர்ப் பள்ளி' என்று எழுதிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1960-61-க்குப் பிறகு சுலபம். தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஒன்றியத்திடம் போயின. பேச்சுவழக்கில் 'யூனியன் ஸ்கூல்'. உயர்நிலைப் பள்ளிகளை 1970 வாக்கில் அரசே எடுத்துக்கொண்டது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1986-ல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் வந்தது. ஒரு தாளில் ஆண்டுக்கோடு போட்டு, இவற்றில் உங்கள் பள்ளிக்குப் பொருந்துவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த எல்லா வேலைக்கும் இந்தத் தாள்தான் துணை.

படி 2: பள்ளி பீரோவைத் திறப்பது

முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். அவருக்குத் தயக்கம் இருந்தால் நியாயம்தான். பதிவேட்டில் சாதியும் பிறந்த தேதியும் இருக்கின்றன, நாளைக்கு யாராவது கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கடிதம் கொடுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். சனிக்கிழமையில் அவர் அறையிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

தேட வேண்டியவை: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், ஆசிரியர் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், தளவாடச் சாமான் பதிவேடு, பார்வையாளர் புத்தகம், பழைய இன்ஸ்பெக்டர்களின் ஆய்வுக் குறிப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தீர்மான நோட்டு. எல்லாம் எந்தப் பள்ளியிலும் இருக்காது. கரையான் தின்றது, மழையில் ஊறியது, பழைய பேப்பர்காரருக்குப் போனது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சேர்க்கைப் பதிவேடு மட்டும் நிரந்தரமாக வைக்க வேண்டிய ஆவணம் என்பதால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அதற்கே கொடுங்கள்.

முதல் புத்தகத்தின் முதல் வரியில் சேர்க்கை எண் என்ன என்று பாருங்கள். ஒன்றில் தொடங்கினால் சரி. 1938 ஜூனில் 412 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் 411 பிள்ளைகள் சேர்ந்த ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது என்று பொருள். அடுத்த பத்து ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 20 பேர் சேர்ந்திருந்தால், பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 1917 வாக்கில் வந்து நிற்கும். ஆரம்ப காலத்தில் இன்னும் குறைவாகத்தான் சேர்ந்திருப்பார்கள், ஆகவே பள்ளி அதைவிடவும் பழசாக இருக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நிர்வாகம் மாறியபோது எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். 1961-ல் ஒன்று என்று இருந்தால், அந்தப் பக்கத்தில் எந்தெந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் நாளிலேயே நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தால் அது புதுப் பள்ளியில்லை, புது நோட்டுதான்.

பிறந்த தேதிப் பத்தியை நம்ப வேண்டாம். ஒரு பக்கத்தில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்டுவிட்டால், சேரும் நாளிலிருந்து ஐந்து ஆண்டு பின்னுக்குத் தள்ளி வாத்தியார் ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தேதியில்தான் அரசு வேலையில் ஓய்வு பெற்றவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள்.

மற்றப் பத்திகள்தான் தங்கம். பெற்றோர் தொழிலை இருபது ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று எடுத்துப் பாருங்கள். விவசாயம், கூலி, ஆடு மேய்த்தல், தறி என்று ஆரம்பித்து, லாரி டிரைவர், பனியன் கம்பெனி, வெளிநாடு என்று மாறும். ஊரின் பொருளாதாரம் அந்த ஒரு பத்தியில் நடந்து போவது தெரியும். 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் இலங்கைத் தோட்டப் பள்ளியின் பெயர் திடீரென்று வர ஆரம்பித்தால், அது 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள். நீலகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் இதை அவசியம் தேடுங்கள்.

'நீங்கிய காரணம்' பத்தியைப் படிக்கப் பொறுமை வேண்டும். 'மேல் படிப்பு', 'ஊர் மாற்றம்', 'நீண்ட நாள் வராமை'. இந்த மூன்றாவதை மட்டும் எடுத்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வகுப்பில் என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண் குழந்தைகளில் ஐந்தாவது முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டால், மலரில் போட அதைவிட நல்ல அட்டவணை கிடைக்காது. முதல் பெண் குழந்தை எந்த ஆண்டில் சேர்ந்தது, சேரியிலிருந்து முதல் பிள்ளை எந்த ஆண்டில் சேர்ந்தது, இந்த இரண்டையும் கண்டுபிடியுங்கள். பள்ளி திறந்த தேதியைவிட இவை முக்கியமான தேதிகள் என்பது என் கட்சி.

படம் எடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புரட்டுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். கொஞ்ச ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். ஒவ்வொரு படத்துக்கும் புத்தகத்தின் பெயர், பக்க எண் போட்டு அன்றைக்கே சேமியுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் முடிந்தது கதை.

படி 3: மனையும் கட்டடமும்

பள்ளி நிற்கும் இடம் யாருடையது? 'இன்னார் தானமாகக் கொடுத்தார்' என்று ஊரில் சொல்வார்கள். சில ஊர்களில் இரண்டு குடும்பங்கள் சொல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) பாருங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே புறம்போக்கு என்று இருந்தால் தானம் என்ற பேச்சு ஆட்டம் காணும்; தனிப் பட்டாவாக இருந்து மாறியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தைத் தேடலாம். பழைய வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. குமரிக்காரர்களுக்குக் கொல்லம் ஆண்டு. 1100 என்பது 1924-25.

இன்னொரு இடமும் உண்டு. 1980 நவம்பரில் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை), மணியம் (கிராம முன்சீப்) பதவிகளை அரசு ஒழித்தது. அப்போது ஒப்படைக்காமல் விட்ட பழைய கணக்குக் கட்டுகள் சில கர்ணம் வீட்டுப் பரணில் இன்றும் கிடக்கின்றன. பேரப் பிள்ளைகளிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு வந்தவர் மாதிரிப் பேசினால் கதவு சாத்தப்படும். நில வழக்குக்கு ஆதாரம் தேடி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

கட்டடத்தைக் கண்ணால் படிக்கலாம். கல்வெட்டுகளை முதலில் படம் எடுங்கள், சுண்ணாம்பு பூசிய கல்வெட்டு என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். சீமை ஓட்டுக் கட்டடமாக இருந்தால் ஒரு ஓட்டை இறக்கி அடிப்பக்கம் பாருங்கள், தயாரித்த கம்பெனியின் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல் தொடங்கியது. ஆகவே அந்த வகை ஓடு போட்ட கூரை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வேறு கட்டடத்தில் கழற்றிய ஓட்டையும் போடுவார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிட வேண்டாம். சிமென்ட் கட்டடங்களில் எந்தத் திட்டம் என்று நெற்றியிலேயே இருக்கும்: ஜவஹர் ரோஜ்கார் யோஜனா என்றால் 1989-க்குப் பிறகு, எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) என்றால் 2001-02-க்குப் பிறகு.

இதில் அவசரம் காட்ட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் போயின. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை இடித்தார்கள். இடித்தது சரிதான், உயிரைவிடப் பழைய சுவர் பெரிதில்லை. ஆனால் இன்னும் நிற்கிற பழைய கட்டடம் உங்கள் ஊரில் இருந்தால், மற்ற வேலையை ஒதுக்கிவைத்து நாலு பக்கமும் படம் எடுத்து, நாடாவால் அளந்து, ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள்.

படி 4: பெரியவர்களிடம் பேசுவது

"பள்ளிக்கூடம் எப்ப ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டால் எல்லோரும் காமராசர் காலம் என்பார்கள். 1954-க்குப் பிறகு பள்ளி இல்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் நிறையத் திறக்கப்பட்டதால் அது பல ஊர்களுக்கு உண்மையும்கூட. உங்கள் ஊருக்கு உண்மையா என்பதுதான் கேள்வி. ஆகவே சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

"நீங்க சேர்ந்தப்ப பெரிய வாத்தியார் யாரு? எந்த ஊர்க்காரர்? எங்க தங்கியிருந்தார், சாப்பாடு யார் வீட்ல?"

"கீழ உக்காந்தீங்களா, பெஞ்சா? மணலா, பலகையா, சிலேட்டா?"

"மணி எதுல அடிப்பாங்க?" பல ஊர்களில் மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. அதை யார் கொண்டுவந்தார் என்று கேட்டால் ஒரு தனிக் கதை வரும்.

"தண்ணி எதுல குடிச்சீங்க? எல்லாருக்கும் ஒரே பானையா?" இந்தக் கேள்வியைத் திண்ணையில் நாலு பேர் நடுவே கேட்காதீர்கள். சேரியில், அவர் வீட்டில், அவரோடு மட்டும் இருக்கும்போது கேளுங்கள். ஊர்த் தெருவில் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்" என்றுதான் பதில் வரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், யார் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.

சாப்பாட்டு நினைவு காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மதிய உணவுத் திட்டம் 1956-ல் வந்தது. அமெரிக்க உதவி நிறுவனமான கேர் 1960-களில் சேர்ந்துகொண்டது. மஞ்சள் நிற மக்காச்சோள மாவு உப்புமாவையும் பால் பவுடர் பாலையும் பற்றி ஒருவர் பேசினால் அவர் அதற்குப் பிறகு படித்தவர். தினமும் சத்துணவு, ஆயாம்மா, அமைப்பாளர் என்று பேசினால் 1982 ஜூலைக்குப் பிறகு. முட்டை போட்டார்கள் என்றால் 1989-க்குப் பிறகு.

ஆண்டு நினைவிருக்காது, புயல் நினைவிருக்கும். டெல்டாவில் 1952 புயலும் 1977 புயலும், ராமேஸ்வரம் பக்கம் 1964 டிசம்பர் புயல். "அண்ணா செத்தப்ப நான் நாலாப்பு" என்று ஒரு பாட்டி சொன்னால், அது 1969 பிப்ரவரி. ஒன்றாம் வகுப்பில் 1965 ஜூனில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த ஆண்டைத் திறந்து பாருங்கள். பெயர் அங்கே இருந்தால், அவர் சொல்லும் மற்றச் செய்திகளுக்கும் எடை கூடும். ஒரு வகுப்பில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு என்பதால் முன்னே பின்னே ஓரிரு ஆண்டு தள்ளியும் பாருங்கள்.

வகுப்புக் கணக்கில் ஒரு குழப்பம் வரும். 'ஃபர்ஸ்ட் ஃபாரம்' என்றால் ஆறாம் வகுப்பு. 'இ.எஸ்.எல்.சி.' என்பது எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. 'பழைய எஸ்.எஸ்.எல்.சி.' என்றால் பதினொன்றாம் வகுப்பு. 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகுதான் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. "எங்களுக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம்" என்று ஒருவர் சொன்னால் 1953-54-ஐப் பாருங்கள். ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த, எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்த திட்டம். 1954-ல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அந்த ஒரு ஆண்டு உங்கள் ஊரில் எப்படிப் போயிற்று, மிச்ச அரை நாள் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டு வைக்க இதுதான் கடைசி வாய்ப்பு. அன்று படித்தவர்களுக்கு இன்று எண்பதுக்குப் பக்கத்தில் வயது.

வாத்தியார்களை மட்டும் தேடாதீர்கள். சத்துணவு ஆயா, பள்ளிக்கு வாசல் தெளித்தவர், மூன்றாவதோடு நின்று மாடு மேய்க்கப் போனவர், இவர்கள் சொல்வது பதிவேட்டில் கிடைக்காது. படித்து முடித்துக் கலெக்டரானவரின் பேட்டி எப்படியும் வந்துவிடும்.

படி 5: ஊருக்கு வெளியே

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் (முன்பு உதவித் தொடக்கக் கல்வி அலுவலகம்) அங்கீகார ஆணை, பணியிட ஆணை கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இன்ன பள்ளியின் அங்கீகார ஆணை நகல், தரம் உயர்த்திய ஆணை நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'பள்ளியின் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை.

பள்ளி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால் பதிவேடுகள் இணைந்த பள்ளியில் இருக்கும். 2019-ல் மாணவரே இல்லாத சில பள்ளிகளை நூலகங்களாக மாற்றினார்கள். அப்படி ஆன ஊர்களில் உடனே விசாரியுங்கள்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் படி 1-ல் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். போர்டு பள்ளிகள் பற்றிய ஆணைகள் பல கல்வித் துறைக் கட்டில் இருக்காது, உள்ளாட்சித் துறைக் கட்டில் இருக்கும். சிற்றூர்த் தொடக்கப் பள்ளி பெயரோடு வருவது அபூர்வம். உயர்நிலைப் பள்ளி, அல்லது ஏதாவது தகராறு நடந்த பள்ளி என்றால் வாய்ப்பு உண்டு. மிஷன் பள்ளிக்காரர்கள் முதலில் பேராயத்தில் கேட்கலாம். பழைய மிஷன் அறிக்கைகள் கடல் தாண்டி இருக்கின்றன: சர்ச் மிஷன் காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) என்ற உயர்கல்வி நிறுவனத்தில், அமெரிக்க மதுரை மிஷன் காகிதங்கள் ஹார்வர்டில். மின்னஞ்சல் அனுப்பினால் பதில் போடுவார்கள்.

சென்சஸ் கைநூலை மறக்காதீர்கள். 1971 மாவட்டக் கைநூலில் கிராமவாரியாக வசதிகள் பட்டியல் உண்டு. அந்த ஆண்டில் உங்கள் ஊரில் தொடக்கப் பள்ளியா, நடுநிலையா என்று ஒரே வரியில் தெரிந்துவிடும். அடுத்தடுத்த கைநூல்களோடு ஒப்பிட்டால் பத்தாண்டு மாற்றம் கிடைக்கும்.

படி 6: முரண்பாடுகளை என்ன செய்வது?

சுவரில் 1961, யுடைஸ் (அரசின் பள்ளித் தகவல் தொகுப்பு) விவரத்தில் 1950, பெரியவர் பேச்சில் 'எங்க தாத்தா காலம்', பதிவேட்டுக் கணக்கில் 1917. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். '1917-க்கு முன்பே பள்ளி நடந்திருக்கலாம் எனச் சேர்க்கை எண்கள் காட்டுகின்றன. எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று 1938. இன்றைய நிர்வாகத்தின் கீழ் வந்தது 1961' என்று எழுதுங்கள். விழாக் கமிட்டிக்கு ஒரே ஆண்டு வேண்டும், நெருக்குவார்கள். கல்வெட்டில் அவர்கள் எதையாவது வெட்டிக்கொள்ளட்டும், புத்தகத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தமிழ் வருடப் பெயரில் கல்வெட்டு இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதை நினைவில் வையுங்கள். மன்மத வருடம் என்றால் 1955-56 ஆகவும் இருக்கலாம், 1895-96 ஆகவும் இருக்கலாம்.

நன்கொடைக் கதைகளுக்குத் தளவாடப் பதிவேடு நல்ல சாட்சி. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின்போது ஊர்மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தட்டு, டம்ளர் என்று பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். யார் கொடுத்தது என்று பதிவேட்டில் எழுதியிருந்தால், 'பெரிய வீட்டுக்காரர் எல்லாம் கொடுத்தார்' என்ற பேச்சுக்கு நடுவே இரண்டு டம்ளர் கொடுத்த கூலிக்காரரின் பெயரும் கிடைக்கும். தரம் உயர்த்துவதற்குக் கட்டிய பொதுமக்கள் பங்குத் தொகைக்கும் இதே மாதிரி வசூல் நோட்டு எந்த வீட்டிலாவது இருக்கும்.

படி 7: எழுதும்போது

காலவரிசையில் எழுதுவது எளிது. ஆனால் தலைமையாசிரியர் பட்டியலைச் சுற்றி எழுதினால் படிக்க ஆள் இருக்காது. பட்டியலைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிடுங்கள். கை மாறிய தருணங்கள், முதல் முறையாக உள்ளே வந்தவர்கள், கட்டடம், சாப்பாடு, நின்றுபோனவர்கள் என்று பிரித்தால் கதை தானாக நகரும்.

பதிவேட்டில் பார்த்த பெயரையும் சாதியையும் சேர்த்து அச்சில் போடாதீர்கள். எண்ணிக்கையாகப் போடுங்கள். 'நீண்ட நாள் வராமை' என்று நீக்கப்பட்டவரின் பெயரைப் போட்டால் அவர் பேரன் உங்கள் வீட்டுக்கு வருவான், வரவும் வேண்டும். பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர்கள் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

பள்ளியில் நடந்த கெட்டதையும் எழுதுங்கள். தனிப் பானை, அடி, வாத்தியாரே வராத ஆண்டுகள். அதற்காக ஒருவர் பெயரை இழுத்து வசை பாட வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

படி 8: அச்சும் அதற்குப் பிறகும்

முதல் அச்சில் நூறு, இருநூறு பிரதிக்கு மேல் போகாதீர்கள். பள்ளிக்கு இரண்டு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, கிளை நூலகத்துக்கு ஒன்று, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று என்று முதலில் ஒதுக்கிவிடுங்கள். எடுத்த படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தலைமையாசிரியரிடம் ஒரு பிரதி, ஊரில் இன்னொருவரிடம் ஒரு பிரதி. வசூலில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். புத்தகம் வந்த பிறகுதான், "இது இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டு 1940-களின் குரூப் போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இரண்டாம் பதிப்புக்குப் பணம் வேண்டும்.